தாழம்பூவின் சாட்சி

1

திருவண்ணாமலைக் கோயிலில் கருவறையின் பின்பக்கம், மேற்குச் சுவர் மாடத்தில் லிங்கோத்பவர் இருக்கிறார். பிராகாரம் சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் அவரைக் கவனிப்பதில்லை. கையெடுத்து ஒரு கும்பிடு, அடுத்த சன்னிதி. நின்று பார்த்தால் அது ஒரு போட்டியின் சிற்பம் என்பது தெரியும். தூணின் உச்சியில் ஓர் அன்னம், அடியில் ஒரு பன்றி. ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே தோண்டுகிறது. இரண்டுமே போய்ச் சேரவில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பெரியவனா நீ பெரியவனா என்று பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் சண்டை. நடுவில் ஒரு நெருப்புத் தூண் எழுகிறது. அடியையோ முடியையோ யார் முதலில் காண்கிறாரோ அவர் பெரியவர். விஷ்ணு பன்றியாகித் தோண்டிப் பார்த்துவிட்டு முடியவில்லை என்று திரும்புகிறார். பிரம்மா அன்னமாகிப் பறக்கிறார். மேலிருந்து விழுந்துகொண்டிருக்கும் தாழம்பூவைச் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டு, முடியைக் கண்டதாகப் பொய் சொல்கிறார். தண்டனை கிடைக்கிறது. அந்த நெருப்புத் தூண்தான் குளிர்ந்து மலையாக நிற்கிறது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கார்த்திகை தீபத்தன்று 2668 அடி உச்சியில் கொப்பரையில் ஏற்றுகிற தீயும் அதன் நினைவுதான்.

இதை நாம் குழந்தைகளுக்குச் சிவனின் பெருமையைச் சொல்லும் கதையாகச் சொல்லிவருகிறோம். ஒரு கதையை யாருடைய கதை என்று முடிவு செய்ய ஒரு எளிய வழி, அதில் யார் என்ன செய்கிறார்கள் என்று பட்டியல் போடுவது. சிவன் நிற்கிறார், கடைசியில் தீர்ப்பு சொல்கிறார். சண்டை போடுவது, பந்தயத்துக்கு ஒத்துக்கொள்வது, முயல்வது, களைப்பது, தோற்பது, தோற்ற பிறகு என்ன சொல்வது என்று தவிப்பது எல்லாம் மற்ற இருவரும்தான். இது தோற்றவர்களின் கதை. ஒரே போட்டியில், ஒரே அளவுக்குத் தோற்ற இரண்டு பேர், அதற்குப் பிறகு இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள் என்பதுதான் கதையின் முடிச்சு.

ஏழு வயதுப் பெண் குழந்தை இருக்கிற வீட்டில், ஒரு நாளைக்கு நாலு தடவையாவது 'யார் ஃபர்ஸ்ட்' என்ற கேள்வி வருகிற வீட்டில், இந்தக் கதையை வேறு மாதிரி வாசிக்காமல் இருக்க முடியவில்லை. தோற்றால் என்ன செய்வது என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர தமிழில் நம்மிடம் என்னதான் இருக்கிறது என்று தேடியபோது, அறிவுரைப் புத்தகங்களை விடப் பழைய கதைகளும் கு. அழகிரிசாமியின் இரண்டு சிறுகதைகளும்தான் கைகொடுத்தன. அவற்றைப் பற்றிய கட்டுரை இது.

2

முதலில் ஒரு சின்ன விஷயம். திருஞானசம்பந்தர் மூன்று வயதில் பாடத் தொடங்கியவர் என்பது மரபு. அவருடைய பதிகங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. எட்டாவது பாடலில் ராவணன் வருவான். ஒன்பதாவதில் மாலும் அயனும் தேடிக் காணாத கதை வரும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் பெரும்பாலான பதிகங்களில் இது மாறாது. ஒரு குழந்தை ஊர் ஊராகப் போய்ப் பாடிய பாடல்களில் எல்லாம், தோற்றவர்களுக்கு என்று இரண்டு இருக்கைகள் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கயிலையைத் தூக்கப் போய் விரல் நுனியில் நசுங்கிய ராவணன், வலியில் கத்திய பிறகு பாடுகிறான். பாடியதால் வாளும் வரமும் பெற்றுத் திரும்புகிறான். பக்தி இலக்கியத்தில் இதை ஆணவம் அடங்கிய கதை என்பார்கள். எனக்கு அது தோற்ற பிறகும் ஒருவன் செய்வதற்கு ஏதோ மிச்சம் இருக்கிறது என்ற கதையாகவும் படுகிறது.

சம்பந்தர் அந்த ஒன்பதாம் பாடலில் பெரும்பாலும் தேடியதோடும் காணாததோடும் நிறுத்திக்கொள்கிறார். பொய்யும் தாழம்பூவும் தண்டனையும் விரிவாக வருவது புராணத்தில். சிவபுராணத்தின் வித்யேஸ்வர சம்ஹிதையில் இந்தப் பகுதி கூர்மையானது. விஷ்ணு முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதற்காகவே அவருக்குத் தனிக் கோயிலும் பூசையும் கிடைக்கின்றன. ஜெயித்ததற்காக யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் யாரும் ஜெயிக்கவில்லை. தோல்வியை உள்ளபடி சொன்னதற்குத்தான் பரிசு.

விஷ்ணு திரும்பி வந்து சொன்னது உண்மையில் ஒரு தகவல். இவ்வளவு தூரம் போனேன், அதற்கும் கீழே போகிறது, என் அளவுக்கு எட்டவில்லை. என் தொழிலில் இதற்கு மதிப்பு அதிகம். ஒரு மென்பொருள் எங்கே உடைகிறது என்று சரியாகச் சொல்லும் எர்ரர் லாக், எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று பச்சை விளக்குக் காட்டும் பொய்யான டெஸ்ட்டை விட ஆயிரம் மடங்கு உதவியானது. பிரம்மா செய்தது அந்தப் பச்சை விளக்கு.

பிரம்மா ஏன் பொய் சொன்னார்? கெட்டவர் என்பதால் என்று விட்டுவிட்டால் கதை செத்துவிடும். அவர் படைப்புக் கடவுள். போட்டிக்கு முன்பே பெரியவர் என்று சொல்லப்பட்டவர். இந்த இடத்தில் 1998-ல் க்ளாடியா ம்யூல்லரும் கரோல் ட்வெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு நினைவுக்கு வருகிறது. சுலபமான புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் ஒரு பகுதிக் குழந்தைகளிடம் 'நீ புத்திசாலி' என்று பாராட்டினார்கள். இன்னொரு பகுதியிடம் 'நன்றாக முயன்றாய்' என்றார்கள். பிறகு எல்லோரும் திணறும்படி கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். கடைசியில், வேறு பள்ளியில் இருக்கும் முகம் தெரியாத ஒரு குழந்தைக்கு உன் மதிப்பெண்ணை எழுதி அனுப்பு என்றார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் அப்படிச் செய்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு.

ட்வெக் பின்னாளில் வளர்த்தெடுத்த மனப்பாங்குக் கோட்பாட்டின் மீது நிறைய விமர்சனங்கள் உண்டு. அதைப் பள்ளிக்கூடங்களில் போஸ்டர் அடித்து ஒட்டினால் மதிப்பெண் கூடிவிடாது. ஆனால் அந்த 40 சதவீதக் குழந்தைகளைக் கற்பனை செய்து பாருங்கள். எதிரில் யாரும் இல்லை. பரிசு இல்லை. பார்க்கவே போகாத ஒருவருக்கு எழுதும் துண்டுச் சீட்டில்கூட உண்மையை எழுத முடியவில்லை. 'நீ புத்திசாலி' என்று கிடைத்த பட்டத்தைக் காப்பாற்றவேண்டிய வேலை வந்துவிட்டது. பிரம்மாவுக்கு வந்ததும் அதே வேலைதான்.

3

இந்தக் கதையில் எனக்கு அதிகம் பிடிபடுகிற பாத்திரம் தாழம்பூ. பாவம், அது எந்தப் போட்டியிலும் இல்லை. உச்சியிலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. கேட்டவர் பெரியவர், முகம் வாடியிருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் சந்தோஷப்படுவார். சொல்லிவிட்டது.

குழந்தைகளின் போட்டிகளில் தாழம்பூவாக இருப்பது பெற்றோர்கள்.

ஒரு பள்ளியின் மாறுவேடப் போட்டிக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை, எல்லா ஊரிலும் இதுதான் காட்சி. நாலு பாரதியார், மூணு ஜான்சி ராணி, ஒரு வேப்பமரம். முடிவு சொன்னதும் பரிசு கிடைக்காத ஒரு பாரதியார் மீசையோடு அழ ஆரம்பித்தார். அவருடைய அம்மா அவரை இழுத்து அணைத்துக்கொண்டு, "நீதான்டா ஃபர்ஸ்ட். அந்த ஜட்ஜுக்கு ஒண்ணும் தெரியல. அவங்க தெரிஞ்சவங்க புள்ளைக்கு குடுத்துட்டாங்க" என்றார். அன்பால் சொன்னதுதான். சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு அந்த நிமிடத்தில் தரப்பட்டது ஒரு பொய்ச்சாட்சி. அவன் பாதியில் வரி மறந்து நின்றது அவனுக்குத் தெரியும். இப்போது அவனுக்கு இரண்டு சுமை. தோற்றது ஒன்று. தோற்கவில்லை என்று அம்மாவுக்காக நம்பவேண்டியது இன்னொன்று.

கூடவே இன்னொன்றும் நடந்துவிடுகிறது. ஜெயித்த வேப்பமரம் இப்போது திருடி ஆகிவிட்டாள். பொறாமை என்று நாம் சொல்கிற உணர்ச்சி குழந்தையிடம் இயல்பாக வருகிறதுதான். அதற்கு வாதமும் ஆதாரமும் எழுதிக் கொடுப்பவர்கள் பெரியவர்கள்.

எங்கள் கோயிலிலேயே பெரியவர்களின் பொறாமைக்கும் ஒரு கதை இருக்கிறது. அருணகிரிநாதரின் புகழைப் பொறுக்காத சம்பந்தாண்டான், மன்னன் பிரபுடதேவராயன் முன்னிலையில் தெய்வத்தை வரவழைத்துக் காட்டும் போட்டி வைக்கிறான். அவன் அழைத்த காளி வரவில்லை. அருணகிரி அழைத்த முருகன் தூணில் தோன்றுகிறான். அதுதான் கம்பத்து இளையனார் சன்னிதி என்பார்கள். கதை அதோடு முடிவதில்லை. அருணகிரி கிளியின் உடலில் புகுந்து பாரிஜாத மலர் கொண்டுவரப் போன நேரத்தில், அவர் விட்டுப் போன உடலை எரித்துவிடுகிறான் சம்பந்தாண்டான். கிளி கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டாம் பாதிதான் எனக்கு உறைக்கும். தோல்வியைச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைக்காத பொறாமை, போட்டி முடிந்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

சரி, தாழம்பூவுக்கு என்ன ஆனது? சிவ பூசைக்கு ஆகாது என்று சாபம். வித்யேஸ்வர சம்ஹிதையில் அதற்குப் பிறகு ஒரு பத்தி இருக்கிறது, நாம் அதைச் சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்ட பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, ஆனால் எல்லா வேள்விகளிலும் குருவின் இடம் உண்டு என்று ஒதுக்கப்படுகிறது. தாழம்பூவைச் சிவன் சூடமாட்டார், ஆனால் அடியார்கள் சூடலாம், மேல்விதானத்தை அலங்கரிக்கலாம் என்று தளர்த்தப்படுகிறது. நம் வீடுகளில் பெண் குழந்தைகளுக்குத் தாழம்பூ வைத்துச் சடை தைத்துப் போட்டோ எடுத்து மாட்டியிருப்போமே, அந்தப் பூ அதுதான். பொய் சொன்ன பூவுக்கும் ஒரு தலை கிடைத்துவிட்டது. இங்கே திருவண்ணாமலையிலும் தோற்றவர் வெளியேற்றப்படவில்லை. கோயிலுக்குள் பிரம்ம தீர்த்தம் இருக்கிறது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக் கோயில் பிரம்மா நிறுவியது என்று சொல்வார்கள். பொய்யைத் தண்டித்த ஊர், பொய் சொன்னவர் பெயரைத் துடைத்துவிடவில்லை.

4

தமிழ்க் குழந்தை எதுவும் கேட்காமல் வளராத இன்னொரு போட்டிக் கதை மாம்பழம். 1965-ல் வந்த ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' படம் அந்தக் கதையை ஒரு தலைமுறையின் மனதில் ஒரே வடிவத்தில் அச்சடித்துவிட்டது. நாரதர் கொண்டுவரும் பழம், நறுக்கக் கூடாது என்ற நிபந்தனை, உலகத்தை முதலில் சுற்றிவருபவருக்குப் பரிசு. முருகன் மயிலேறிப் பறக்கிறான். பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொள்கிறார்.

இதை 'அறிவு வேகத்தை வென்றது' என்று பள்ளி ஆண்டுவிழாவில் சொல்வார்கள். அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் மாற்றி யோசிப்பதற்கு உதாரணமாகவும் இது வரும். நான் எப்போதும் முருகன் பக்கம். கொடுக்கப்பட்ட ரெக்வயர்மென்ட் உலகத்தைச் சுற்றுவது. அவன் அதை எழுத்துப் பிசகாமல் செய்து முடித்தான். இன்னொருவர் அதற்குப் புது விளக்கம் கொடுத்தார், வாடிக்கையாளருக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது, டெலிவரி ஏற்கப்பட்டது. முருகன் திரும்பி வந்தபோது அவன் போயிருந்த போட்டியே அங்கு இல்லை.

குழந்தைகள் தோற்று அழும்போது பெரியவர்கள் 'தோல்வியைத் தாங்கும் பக்குவம் இல்லை' என்கிறோம். உன்னிப்பாகக் கேட்டால் பல நேரங்களில் அவர்கள் சொல்வது வேறு. "அவ ரெடி சொல்றதுக்கு முன்னாடியே ஓடிட்டா." "நீங்க அவனுக்கு மட்டும் ரெண்டு சான்ஸ் குடுத்தீங்க." முறையீடு தோல்வியைப் பற்றியதே கிடையாது, விதியைப் பற்றியது. அதற்கு 'பரவால்ல விடு, அடுத்த தடவை ஜெயிக்கலாம்' என்பது பதிலாகாது. கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாமல் ஆறுதல் சொல்வது குழந்தையை இன்னும் கோபப்படுத்தும். அது நியாயமான கோபம்.

மாம்பழக் கதையில் நமக்கு உதவுவது போட்டிக்குப் பிறகு நடப்பவை. முருகன் கோபித்துக்கொண்டு போகிறான். நகைகளைக் கழற்றி ஆண்டியாகி ஒரு குன்றில் ஏறி நிற்கிறான். 'ஆம்பளப் புள்ள அழலாமா' என்று யாரும் கேட்கவில்லை. 'தம்பி, அண்ணன் ஜெயிச்சா நீ கை தட்டணும்' என்று ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் வகுப்பும் எடுக்கவில்லை. அவ்வை வருகிறாள், அம்மா அப்பா குன்றேறி வருகிறார்கள். பழநி என்ற பெயருக்கு 'பழம் நீ' என்று மக்கள் சொல்லும் விளக்கம் அந்த ஆறுதலிலிருந்து வந்தது. பழத்துக்கு ஏன் அழுகிறாய், நீயே பழம்தானே.

அழகான ஆறுதல். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 'நீயே பரிசு' என்பது, 'நீதான்டா ஃபர்ஸ்ட்' என்பதற்கு வெகு அருகில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு என்று நினைக்கிறேன். அவ்வை முருகனிடம் நீ ஜெயித்தாய் என்று சொல்லவில்லை. பழம் அண்ணனிடம்தான் இருக்கிறது, அதை யாரும் திரும்ப வாங்கவில்லை. முடிவு முடிவாகவே நிற்க, உன்னுடைய மதிப்பு அந்த முடிவில் இல்லை என்கிறாள். மீசை பாரதியாரின் அம்மா முடிவையே மாற்றி எழுதப் பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பெரிய வித்தியாசம். அதோடு ஆறுதலுக்குப் பிறகும் முருகன் இறங்கிப் போய்விடவில்லை. இன்றும் அங்கேதான் நிற்கிறான். கோபித்த குழந்தைக்கு ஒரு படைவீட்டையே கொடுத்துவிட்டது நம் மரபு. சமாதானம் ஆனதும் உடனே சிரித்துக்கொண்டே வந்து கேக் வெட்டவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

5

இனி அழகிரிசாமி. 1923-ல் இடைசெவலில் பிறந்து 1970-ல் மறைந்தவர். அவர் இறந்த பிறகு சாகித்ய அகாதெமி விருது பெற்ற தொகுப்பு 'அன்பளிப்பு'. அதன் தலைப்புக் கதையைப் பொறாமை பற்றிய கதை என்று யாராவது சொன்னால் நமக்குச் சட்டென்று உறுத்தும். ஆனால் அது அதுதான்.

பத்திரிகை வேலையில் இருக்கும் ஒருவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவர் வீட்டில் வந்து புத்தகங்களைக் குடைவார்கள். அவருக்கு எல்லாக் குழந்தைகளும் பிரியம்தான், எல்லோரிடமும் சமமாக இருப்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. ஒரு நாள் இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொண்டுவந்து கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. சாரங்கன் பெரிதாக அழுது ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. எனக்கு இல்லையா என்ற கேள்வியோடு அந்தக் கூட்டத்தில் ஓரமாக இருந்துகொண்டிருக்கிறான். பிறகு ஒரு நாள் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். உபசரிக்கிறான். கடைசியில் தன் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அதை அன்பளிப்பாகக் கொடுத்ததாக அவர் கையாலேயே எழுதச் சொல்கிறான். என்ன எழுதவேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான், தன் பெயருக்கு முன்னால் வரவேண்டிய பிரியத்தையும் சேர்த்து.

தமிழில் இதற்கு இணையான முடிவுள்ள கதைகள் குறைவு. இதைப் படித்துவிட்டு நெஞ்சு கனத்து, பாவம் அந்தக் குழந்தை என்று நிறுத்திக்கொள்வது வழக்கமான வாசிப்பு. இன்னும் ஒரு அடி போகலாம். சாரங்கனிடம் டைரி இருக்கிறது. அவனுக்குப் பொருள் குறையில்லை. அவனுடைய கணக்கில் விடுபட்டது அந்த முதல் பக்கத்தின் கையெழுத்து. பெரியவர்கள் குழந்தைகளின் பொறாமையைப் பொருளால் தீர்க்கப் பார்ப்போம். "அவளுக்கு வாங்கினேன், உனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன், போதுமா?" போதாது. தம்பி பிறந்த வீட்டில் மூத்த குழந்தை ஃபீடிங் பாட்டிலைத் திருப்பிக் கேட்கும்போது அதற்குப் பாட்டில் வேண்டியிருப்பதில்லை என்று நமக்குத் தெரியும். ஆனாலும் 'நீ பெரிய பையன் ஆச்சே' என்றுதான் சொல்வோம்.

கதையின் இன்னொரு நுட்பம், சாரங்கன் சரியாகக் கணித்திருக்கிறான் என்பது. அவர் பாரபட்சம் காட்டினார். தெரியாமல்தான், ஆனால் காட்டினார். பொறாமை என்பது பல நேரம் குழந்தையின் குணக்கேடாக இருப்பதில்லை. அது துல்லியமான ஓர் அளவீடு. எடை சரியாகக் காட்டுகிற தராசைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படிக் காட்டுகிறாய் என்று திட்டுவதில் பயனில்லை. அழகிரிசாமி கதைசொல்லியை வில்லனாக்கவில்லை, சாரங்கனுக்குப் பொறாமை கூடாது என்று பாடமும் எடுக்கவில்லை. பேனாவைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுக் கதையை முடித்துவிட்டார். நடந்ததற்கு இப்போது நீ எழுத்தில் சாட்சி சொல்லு. இதுவும் ஒரு பொய்ச்சாட்சிதானே, கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுவது? ஆம். ஆனால் இங்கே வெட்கப்படவேண்டியவன் கேட்ட குழந்தை இல்லை. அதனால்தான் அந்தக் கையெழுத்து நம்மை அவ்வளவு தொந்தரவு செய்கிறது.

'ராஜா வந்திருக்கிறார்' கதையை மனிதநேயக் கதை என்று எல்லோரும் கொண்டாடியாயிற்று. தீபாவளிக்கு முந்தைய நாள் எச்சில் இலைக்கு வரும் அநாதைச் சிறுவனை ஒரு ஏழைத் தாய் குளிப்பாட்டிச் சோறு போட்டு, கணவனுக்கென்று வாங்கிய துண்டை உடுத்தக் கொடுக்கும் கதை. உண்மைதான். ஆனால் அந்தக் கதை தொடங்குவது குழந்தைகளின் போட்டியில். பணக்கார வீட்டு ராமசாமி ஒரு பக்கம், மங்கம்மாளும் அவள் சகோதரர்களும் மறுபக்கம். அவன் ஒன்றைச் சொன்னால் இவர்கள் ஈடாக ஒன்றைச் சொல்லவேண்டும். என் சட்டை, உன் சட்டை, எங்கள் வீட்டில் இருப்பது, உங்கள் வீட்டில் இருப்பது. வகுப்பறையில் இன்றைக்கும் பென்சில் பாக்ஸை வைத்து நடக்கிற அதே போட்டி.

ராமசாமியின் கடைசிச் சீட்டு, ராஜா என்று அழைக்கப்படும் அவன் வீட்டு ஜமீன் மாப்பிள்ளை. ஈடு சொல்லவே முடியாத சீட்டு. மங்கம்மாள் ஈடு சொல்கிறாள். எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான், வேண்டுமானால் வந்து பார். புண்ணும் சொறியுமாக வந்த அந்தச் சிறுவனின் பெயர் ராஜா. ஆக, கதையின் முடிவில் மங்கம்மாள் போட்டியைத் துறந்துவிட்டு ஞானியாகிவிடவில்லை. முதல் பக்கத்தில் ஆரம்பித்த ஆட்டத்தை, அதே விதிப்படி, கடைசிப் பக்கத்தில் ஆடி முடிக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வந்து பார் என்று அழைக்கவும் செய்கிறாள். ஓட்டைக் குடிசையில் தோற்பதற்கான எல்லாம் இருந்தும் அவள் தோற்கவில்லை, ஏனென்றால் அவளுடைய வீட்டில் முந்தைய நாள் என்ன நடந்தது என்பதில் அவளுக்கு வெட்கமே இல்லை. அம்மா தாயம்மாள் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் செய்த காரியம்தான் மகளுக்குச் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்தது.

6

விதியை மாற்றி அமைப்பது இன்னொரு வழி. தெத்சுகோ குரோயானாகியின் 'டோட்டோ-சான்' 1981-ல் ஜப்பானில் வந்தது, தமிழிலும் ஆசிரியர்கள் மத்தியில் அதற்குத் தனி வாசகர் கூட்டம் உண்டு. அதில் வரும் டோமோயி பள்ளியின் விளையாட்டு விழாவில், உடல் வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷி என்ற குட்டிப் பையன்தான் எல்லாப் பந்தயத்திலும் முதல். துணியால் செய்த மீனுக்குள் புகுந்து வெளியேறுவது, படி விடாமல் படிக்கட்டு ஏறுவது. நீளக் கால்களுக்கு இடைஞ்சலாகவும் குட்டைக் கால்களுக்கு வசதியாகவும் இருக்கும் பந்தயங்கள். பரிசு கோப்பை இல்லை, முள்ளங்கியும் கீரையும். நீயே சம்பாதித்த காய்கறியை வீட்டில் சமைத்துச் சாப்பிடு என்கிறார் தலைமையாசிரியர் கோபயாஷி.

கோபயாஷியிடம் நான் எடுத்துக்கொள்வது, எல்லோருக்கும் பரிசு என்று அவர் அறிவிக்கவில்லை என்பதை. தகாஹாஷி உண்மையிலேயே ஜெயித்தான், மற்றவர்கள் உண்மையிலேயே தோற்றார்கள். நம் பள்ளிகளில் இப்போது பங்கேற்ற அனைவருக்கும் சான்றிதழ் தருகிறார்கள். என் மகள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் குடுத்தா இது எதுக்குப்பா?" என்றாள். பதில் சொல்லக் கடினமான கேள்வி. அதுவும் லேமினேட் செய்த தாழம்பூதான்.

நம் பழைய வீட்டு விளையாட்டுகள் இந்த விஷயத்தில் விவரமானவை. மியூசிக்கல் சேரில் முதலில் தோற்கும் குழந்தை மீதி நேரம் முழுக்க ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவேண்டும். தோற்கப் பழகவேண்டிய குழந்தைக்கு ஆடவே வாய்ப்பில்லை. பல்லாங்குழியில் தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் குறைந்த குழிகளோடு தொடர்வார், வெளியே போகமாட்டார், திரும்பப் பிடித்துவிடவும் முடியும். பரமபதத்தில் பாம்பு கடித்து இறங்குவது திறமைக் குறைவால் அல்ல, விழுந்த தாயம் அப்படி. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழித்து ஆடுகையில் தாத்தாவும் பேத்தியும் மாறி மாறி பாம்பு வாயில் விழுவார்கள். தாத்தா எப்படி விழுகிறார் என்பதைப் பார்த்துத்தான் பேத்தி விழக் கற்றுக்கொள்வாள்.

அந்தத் தாத்தாக்கள் இப்போது நாம்தான், நாம் எப்படி விழுகிறோம்? எங்கள் துறையில் வருடம் ஒரு முறை அப்ரைசல் வரும். பத்துப் பேர் கொண்ட குழுவில் பத்துப் பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும், பெல் கர்வ் கணக்குக்காக யாராவது ஒருவர் கடைசிக் கட்டத்தில் உட்காரவேண்டும். மைக்ரோசாஃப்ட் அந்த முறையை 2013-ல் கைவிட்டது. சக ஊழியரோடு ஒத்துழைப்பதை விட அவரை முந்துவதே வேலையாகிப் போனது என்ற புகார் அதற்கு முன்பே பல வருடமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2017-ல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் பட்டியலை வெளியிடுவதை அரசு நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் பள்ளி வாசல் ஃப்ளெக்ஸ் பேனர்களில் மதிப்பெண்ணும் போட்டோவும் இன்றும் தொங்குகின்றன. அப்ரைசல் முடிந்த ராத்திரி அப்பா போனில் "மேனேஜருக்கு வேண்டியவனுக்குக் குடுத்துட்டாங்க" என்று பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அது உண்மையாகக்கூட இருக்கலாம். உண்மை என்றால் அதை விதியைப் பற்றிய முறையீடாகப் பேசலாம், எங்கே பேசவேண்டுமோ அங்கே. பொய் என்றால், குழந்தை கற்றுக்கொள்ளும் முதல் தாழம்பூ அதுதான்.

குழந்தை தோற்று வந்து நிற்கும்போது சொல்வதற்கு நீளமாக எதுவும் தேவையில்லை என்று இந்தக் கதைகளைப் படித்துத் தோன்றுகிறது. என்ன நடந்தது என்று கேட்கலாம். விதி தப்பாக இருந்தால் ஆம், தப்பு என்று சொல்லலாம். தோற்றது உண்மையாக இருந்தால், ஆமாம், தோத்துட்ட, கஷ்டமாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். குன்றின் மேல் ஏறி நின்றால் நாமும் ஏறிப் போகலாம், உடனே இறங்கச் சொல்லாமல். 'எவ்வளவு தூரம் போன?' என்ற கேள்வி மட்டும் முக்கியம். விஷ்ணுவால் பதில் சொல்ல முடிந்த கேள்வி அது. பதில் சொல்கிற குழந்தைக்குத் தான் போன தூரம் தெரிந்துவிடும். அது எட்டாத தூரமாக இருந்தாலும், அவள் போன தூரம்.